ஜூலியும் மாடு இறங்கும் துறையும்

லேப்ரடார் என்றால் தண்ணீருக்கென்றே பிறந்த நாய் என்பார்கள். எங்கள் வீட்டு ஜூலிக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. குரோம்பேட்டையில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் வளர்ந்தவள். குளியலறை பக்கெட்டையும் மொட்டை மாடித் தொட்டியையும் விட்டால், மழைக்காலத்தில் எங்கள் தெருமுனையில் சாக்கடையோடு கலந்து நிற்கும் தண்ணீர்தான் அவள் பார்த்த நீர்நிலை. அதில்தான் ஈடுபாடும் அதிகம். வீட்டுக்கு இழுத்துவந்து கழுவுவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்..." என்று அம்மா ஆரம்பிப்பார். பழமொழியின் மிச்சத்தை முடிக்கமாட்டார். ஜூலி நடுவீட்டில்தான் படுத்திருப்பாள், அவளுக்குக் கேட்டுவிடும் என்பதால்.

இந்த இனத்தின் பூர்வீகம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு. மீனவர்களோடு படகில் போய், தூண்டிலிலிருந்து நழுவிய மீனைப் பிடித்துக் கொடுப்பதும் வலைக் கயிற்றைக் கரைக்கு இழுத்துவருவதும் இவளுடைய முப்பாட்டன்மார் பார்த்த வேலை. செயின்ட் ஜான்ஸ் நாய் என்று அவற்றுக்குப் பெயர். இன்று அந்த இனம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பெருக்கியதில் வந்ததுதான் லேப்ரடார். 1903இல் அங்குள்ள கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. விரல்களுக்கு நடுவே சவ்வு, அடியில் பருத்து நுனியில் மெலியும் வால், இரண்டு அடுக்கு ரோமம், அதில் தண்ணீர் ஒட்டாத எண்ணெய்ப் பசை. இவ்வளவு சீர்வரிசையோடு வந்தவளை டைல்ஸ் தரையில், மின்விசிறிக்கு நேர் கீழே படுக்கவைத்து வளர்த்தோம்.

விளைவு, ஐந்து வயதில் 38 கிலோ. பெண் லேப்ரடார் 30 கிலோவைத் தாண்டினாலே கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாங்கள் கண்டபடி போட்டு வளர்த்ததாக உறவினர்கள் நினைக்கிறார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு ஒரு சாக்கு இருக்கிறது: 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது. அந்த நாய்களுக்கு வயிறு நிறைந்தது என்ற சேதி மூளைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை. ஜூலிக்குப் பரிசோதனை செய்து பார்க்கவில்லை. அவள் பூண்டுத் தோலை மோந்து பார்க்கும் பார்வையிலேயே தெரிகிறது.

கால்நடை மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடுப்பு மூட்டில் லேசான தேய்மானம். நிறைய நடக்கவைத்தால் வலிக்கும், நடக்கவிடாமல் வைத்தால் எடை ஏறும், எடை ஏறினால் இன்னும் தேயும். "நீச்சல் பழக்குங்க சார். இடுப்பளவு தண்ணியில நின்னாலே கால் தாங்குற எடை பாதிக்கும் கீழ போயிடும்" என்றார். சென்னையில் நாய்களுக்கென்று நீச்சல் குளங்கள் வந்துவிட்டன. விலையைக் கேட்டதும் எனக்கு மாமா ஊர் ஏரி ஞாபகத்துக்கு வந்தது. கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் கடற்கரையில் அலையின் அடியிழுப்பு நன்றாக நீந்தத் தெரிந்த மனிதனையே கொண்டுபோய்விடும். முதன்முதலாகத் தண்ணீரில் கால் வைக்கும் நாய்க்கு அது இடமில்லை.

மாமா ஊர் மதுராந்தகத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில். ஊர்ப் பெயர் வேண்டாம். எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரைமேல் பத்துக் கார் நிற்கும், மாமா என்னோடு பேச்சை நிறுத்திவிடுவார்.

போனில் கேட்டபோது அவர் உடனே சரி சொல்லவில்லை. "கார்த்திகையில வராத மாப்ள, ஏரி கோடி போவுது. மாட்டுப் பொங்கலுக்கும் வராத, ஊரு மாடெல்லாம் அன்னிக்கு ஏரியிலதான். அது கழிச்சு ஒரு ஞாயித்துக்கெழம வா." கோடி போவது என்றால் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து ஓடுவது. அந்த நேரத்தில் தண்ணீருக்கு ஒரு பக்கமாக இழுப்பு இருக்கும். தை பிறந்துவிட்டால் ஓட்டம் அடங்கி, கலங்கிய தண்ணீர் தெளிந்து, ஏரியும் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும். சித்திரையில் போனால் அதே இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாயை ஏரிக்குக் கூட்டிப்போவது என்று இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் வெளிநாட்டு வீடியோக்கள். மரப்பாலம், அதன்மேல் ஓடிவரும் நாய், தொப்பென்று ஒரு குதி, கண்ணாடித் தண்ணீர். நம் ஏரிகள் அப்படிப்பட்டவை இல்லை. அவை மலைக்கு நடுவே தானாகத் தேங்கியவையும் இல்லை. சரிவான நிலத்தில் மூன்று பக்கம் மண்கரை எழுப்பி, மேட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டு, வரும் மழைநீரை மறித்து வைத்திருக்கிறார்கள். அதனால் ஆழம் நடுவில் இருக்காது, கரையோரம் இருக்கும். கரையை விட்டு உள்வாய்ப் பக்கம் போகப் போகத் தண்ணீர் குறைந்து, முழங்கால் ஆகி, சேறாகி, கடைசியில் சீமைக்கருவேலங்காடாகும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இருக்கும் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரி 24 அடியில் நிரம்பும் என்ற கணக்கை மனப்பாடமாகச் சொல்வோம். ஒரு ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தி, எந்தப் பக்கம் ஆழம் என்று கேட்டால் முழிப்போம்.

எல்லா ஏரிக்கும் போய்விடவும் முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் சென்னை குடிக்கும் தண்ணீர். அங்கே நாயை இறக்க நினைப்பதே தப்பு. மாமா ஊருக்குப் போகும் வழியில் படாளம் கூட்டுரோட்டில் திரும்பினால் வேடந்தாங்கல். தை மாசியில் அங்கே மரம் தெரியாத அளவுக்குப் பறவைகள் கூடு கட்டியிருக்கும், அந்தப் பக்கம் நாயோடு தலைகாட்டக்கூடாது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதைக் கண்டுகொண்ட அந்த ஊர்க்காரர்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே லயோனல் பிளேஸ் என்ற வெள்ளைக்காரக் கலெக்டரிடம் பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கியவர்கள். மதுராந்தகம் ஏரி உடையப்போன இரவில், ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரைமேல் காவல் நின்றதைப் பார்த்ததாகத் தலபுராணம் சொல்வதும் இதே கலெக்டரைப் பற்றித்தான். சிதம்பரத்துப் பக்கம் இருக்கும் ஒரு நண்பர் தன் நாயையும் இப்படிக் கூட்டிப்போகலாமா என்று கேட்டார். வக்காரமாரி ஏரியில் முதலை இருக்கிறது, கொள்ளிடத்திலும் இருக்கிறது. அமராவதி அணை, சாத்தனூர் அணையும் அப்படித்தான். இதையெல்லாம் அந்தந்த ஊர்க்காரர்களிடம் கேட்காமல் தண்ணீரைப் பார்த்ததும் கயிற்றை அவிழ்த்துவிடுவது வீரம் ஆகாது.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் பழைய போர்வை, ஜூலி, அவள்மேல் சாய்ந்து தூங்கும் என் மகள். காலைச் சாப்பாடு ஜூலிக்குக் கொடுக்கவில்லை. வயிறு நிறைய வைத்துக்கொண்டு நீந்தவிடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இந்த விஷயம் ஜூலிக்கு உடன்பாடில்லை. பரனூர் சுங்கச்சாவடி வரை பெருமூச்சு விட்டுக்கொண்டே வந்தாள்.

மாமா வீட்டு வாசலில் மணி நின்றது. கறுப்பு, ஒல்லி, ஒரு காது பாதி கிழிந்தது. ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கன்னியோ கிடையாது, ஊரில் பிறந்து ஊரில் திரியும் சாதாரண நாட்டு நாய். மாமாவின் மாடுகள் எங்கே போகின்றனவோ அங்கே போகும். ஜூலியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து மோந்து பார்த்துவிட்டு, பெரிய ஆட்சேபணை இல்லை என்பதாக உட்கார்ந்தது. அத்தை எட்டிப் பார்த்தார். "இதுக்குத்தான் இம்மாந்தூரம் கார்ல வந்தீங்களா? மனுசாளுக்கே இடுப்பு வலிக்குது, ஒருத்தரும் ஏரிக்குக் கூட்டிம்போவல" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

ஜூலியைக் கொல்லையில் கட்டிவிட்டு, முதலில் மாமாவும் நானும் மட்டும் கரைமேல் நடந்தோம். அது அவர் போட்ட நிபந்தனை. இந்த நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அந்த நடையில்தான் இருந்தது. மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அதோ கலங்கல். கல்லுமேல பாசி புடிச்சிருக்கும், மாடே வழுக்கி வுழும். அந்தப் பக்கம் வாணாம். இது மதகு. மேல பாத்தா ஒன்னும் தெரியாது, அடியில தண்ணி உள்ள இழுக்குது. நேத்துதான் நாலு கண்ணு தொறந்துவுட்டாங்க. ஒரு அம்பது அடி தள்ளியே இரு." கரையின் உட்புறம் முழுக்க அலை அரிக்காமல் இருக்கக் கல் பதித்திருந்தது. ஏறி இறங்க நமக்கே சிரமம். இடுப்பு தேய்ந்த நாய் அதில் கால் வைத்தால் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். அங்கே ஆழமும் அதிகம். சரி, ஆழம் குறைந்த உள்வாய்ப் பக்கம் போகலாமே என்றால், மாமா தலையை ஆட்டினார். "அங்க மண்ணு எடுத்த பள்ளம் இருக்குது மாப்ள. மேல முழங்கா தண்ணி, ரெண்டு எட்டு வெச்சா ஆளு உயரம்."

ஏரியில் வண்டல் எடுக்க விவசாயிகளுக்கு அனுமதி உண்டு. தூர் வாரினது மாதிரியும் ஆயிற்று, வயலுக்கு உரமும் ஆயிற்று. பரவலாகச் சுரண்டி எடுத்தால் நல்லது. ஜேசிபி வைத்து ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டிவிட்டுப் போனால், மழைக்குப் பிறகு அந்தக் குழி தண்ணீருக்கடியில் ஒளிந்துகொள்கிறது. விடுமுறையில் குளிக்கப்போன பிள்ளைகள் மூழ்கிய செய்திகளைப் படிக்கிறோமே, பல இடங்களில் காரணம் இந்தக் குழிகள்தான். நாய் மிதந்துவிடும். நாயைத் தொட்டுக்கொண்டு கூடவே நடந்துபோகும் மனிதன்தான் மாட்டுவான்.

கடைசியில் மாமா நின்ற இடம், மாடு இறங்கும் துறை. கரை அங்கே சாய்ந்து இறங்குகிறது. காலங்காலமாக மாடுகள் மிதித்து மிதித்துச் சேறெல்லாம் போய், அடியில் கெட்டியான சரளை. பத்துப் பன்னிரண்டு அடி தூரம் வரை சீராக ஆழம் கூடுகிறது, திடீர்ப் பள்ளம் இல்லை. எருமைகள் ஒன்பது மணிக்கு மேல்தான் வரும். "மாடு எறங்குற எடத்துல எது வேணா எறங்கலாம்" என்றார் மாமா. எந்தக் கையேட்டிலும் இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கமாட்டார்கள்.

ஒரே ஒரு சங்கடம், மாடு இறங்கும் தண்ணீரில் அதன் மூத்திரமும் கலந்திருக்கும், எலியின் மூத்திரமும்தான். எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் அந்த வழியாகத்தான் நாய்க்கும் நமக்கும் வருகிறது. ஜூலிக்கு வருடா வருடம் போடும் கூட்டுத் தடுப்பூசியில் அதுவும் சேர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டேன். சில ஊசிகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. என் காலில் ஆறாத புண் எதுவும் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். எனக்கு ஊசி கிடையாதே. தண்ணீரின் நிறத்தையும் பார்த்தோம். மண் கலந்த பழுப்பாக இருந்தால் பயமில்லை. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றி, வயலில் போட்ட உரமும் வந்து சேரும்போது, மேலே பச்சை ஏடு படியும். அது நீலப்பச்சைப் பாசியாக இருந்தால் அதன் நஞ்சு ஒரே நாளில் கல்லீரலை முடித்துவிடும், மாற்று மருந்தும் கிடையாது. பச்சை ஏடு இருந்தால் அப்படியே திரும்பி வண்டி ஏறிவிடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

பிறகு துறையின் இருபுறமும் நானும் மகளும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தோம். குவார்ட்டர் பாட்டில், அதன் கழுத்து, அதன் சில்லு, பிளாஸ்டிக் தம்ளர், கருவேல முள். அரைச் சாக்கு சேர்ந்தது. ஏரிக்கரையில் உட்கார்ந்து குடிக்கட்டும், எனக்கு அதில் வழக்கில்லை. குடித்து முடித்ததும் பாட்டிலைக் கல்லில் அடித்து உடைப்பதில் என்ன சுகம் இருக்கிறதோ.

அனுமதி என்று ஒன்று வேண்டியிருந்தது. ஏரி அரசாங்கத்துடையது, நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், இருந்தால் நீர்வளத்துறையிடம், குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். ஆனால் அதில் இருக்கும் மீன்கள், மீன்பிடிக் குத்தகை எடுத்தவருடையவை. அவர் பரிசலில் வலை எடுத்துக்கொண்டிருந்தார். செவுள் வலையை அந்தி நேரத்தில் கட்டிவிட்டு விடிந்ததும் எடுப்பார்கள். தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. நாய் போய்க் காலை விட்டுக்கொண்டால் உதற உதற இறுகும். மாமா கரையிலிருந்து கத்திக் கேட்டார். வலையெல்லாம் கிழக்கே இருக்கிறது, இந்தப் பக்கம் இறக்கிக்கொள்ளலாம், ஆனால் போகும்போது இரண்டு கிலோ கட்லா வாங்கிப் போகவேண்டும் என்று அங்கிருந்தே பதில் வந்தது. பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த ஏரி வாரியம் இருந்ததைப் படிக்கிறோம். வாரியப் பெருமக்கள் கட்லாவுக்குப் பேரம் பேசினார்களா என்று கல்வெட்டில் இல்லை.

ஜூலியைக் கொண்டுவந்தோம். மிதவைச் சட்டை மாட்டினேன். ஆரஞ்சு நிறம், முதுகில் கைப்பிடி. ஆடு ஓட்டிக்கொண்டு போன பெரியவர் ஒருவர் நின்றுவிட்டார். "இன்னா தம்பி, நாய்க்கு சொக்கா போட்டுகீற?" நீச்சல் தெரியாது என்றேன். "நாய்க்கா?" என்றார். ஆடுகள் தூரப் போய்விட்டன, அவர் நகரவில்லை.

அவர் ஆச்சரியம் நியாயமானதுதான், ஏனென்றால் எல்லா நாயும் பிறவியிலேயே நீந்தும் என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். தண்ணீரில் போட்டால் எல்லா நாயும் காலை அடிக்கும். அடிப்பது வேறு, மிதப்பது வேறு. புல்டாக், பக் போன்ற தட்டை மூக்குக்காரர்கள் மூக்கைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் பின்புறம் மூழ்கிவிடும். டாஷ்ஹண்டுக்குக் கால் எட்டாது. முயல் துரத்தவென்று இளைத்த உடம்போடு வளர்ந்த நம் சிப்பிப்பாறைக்கு மிதக்கக் கொழுப்பே இல்லை, சீக்கிரம் குளிரும். கொழுப்பு விஷயத்தில் ஜூலி கவலைப்படவேண்டியதில்லை.

பத்து மீட்டர் நைலான் கயிற்றைச் சட்டை வளையத்தில் கட்டி, நான் முதலில் இறங்கினேன். ஜூலி விளிம்பில் நின்று தண்ணீரை மோந்தாள். ஒரு கால் வைத்தாள், எடுத்தாள், காலை உதறினாள். நான் கூப்பிட்டேன். மகள் கூப்பிட்டாள். பாக்கெட்டிலிருந்து ரொட்டித் துண்டை எடுத்துக் காட்டினேன்; வயிறு தண்ணீரைத் தொடும் வரை வந்து, ரொட்டியை வாங்கிக்கொண்டு, திரும்பிக் கரை ஏறிவிட்டாள். இதையே திரும்பத் திரும்பச் செய்தாள். மொத்த ரொட்டியும் தீர்ந்தது. தூக்கிக் கொண்டுபோய்த் தண்ணீரில் விடச் சொல்லிப் பெரியவர் யோசனை சொன்னார். அது மட்டும் கூடாது. ஒரு தடவை பயந்த நாய் அப்புறம் பக்கெட்டைக் கண்டாலும் ஓடும்.

தீர்த்து வைத்தது மணி. அது இத்தனை நேரம் கரைமேல் படுத்துக்கொண்டு இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு நாமக்கோழிக் கூட்டம் வந்து இறங்கியதும் எழுந்தது, உடம்பை முறித்தது, தண்ணீருக்குள் நடந்துபோவதாகவே போனது. எந்த இடத்தில் நடை முடிந்து நீச்சல் தொடங்கியது என்று தெரியவில்லை. நீர் தெறிக்கவில்லை, சத்தம் இல்லை, கறுப்புத் தலையும் கிழிந்த காதும் மட்டும் ஒரே நேர்கோட்டில் போயின. நாய் நீச்சலை வீடியோ எடுத்து ஆராய்ந்தவர்கள், கால்கள் மாறி மாறி இயங்குவது நிலத்தில் அது போடும் துள்ளோட்டத்தை ஒத்திருக்கிறது என்கிறார்கள்: வலது முன்னங்காலோடு இடது பின்னங்கால், இடதோடு வலது. மணியைப் பார்த்தால் நம்பலாம்.

மணி போனதும் ஜூலிக்குப் பொறுக்கவில்லை. ஒரு சிணுங்கல். இரண்டு குரைப்பு. பிறகு விழுந்தடித்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடி, தரை நழுவிய இடத்தில் நெட்டுக்குத்தலாக நின்றாள். முன்னங்கால் இரண்டையும் தண்ணீருக்கு மேலே தூக்கித் தூக்கி, மோரை மத்தால் கடைவது போல ஒரே இடத்தில் அடித்தாள். பின்பாகம் கீழே தொங்கியது. புதிதாக நீந்தும் நாய்கள் எல்லாம் இதைத்தான் செய்யும் என்று படித்திருந்தேன். அருகே போய், வயிற்றுக்கு அடியில் ஒரு கையும் தொடைக்கு அடியில் ஒரு கையும் கொடுத்துப் பின்பாகத்தை மேலே தூக்கினேன். முதுகு மட்டமானது. முன்னங்கால்கள் தண்ணீருக்குள் இறங்கின. பின்னங்கால்கள் என் கையை உதைக்க ஆரம்பித்தன. வலிமையான உதை, எக்ஸ்ரேயில் பார்த்த இடுப்பிலிருந்து வருகிறது என்று நம்ப முடியாத உதை. கையை மெல்ல எடுத்தேன். போனாள்.

பக்கத்தில் நின்று பார்த்தால் மூக்குத் துவாரம் ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்து சுருங்குவது தெரிந்தது. கன்னம் உப்பி உப்பி இறங்கியது. காதுகள் இரண்டும் தண்ணீர்மேல் விரிந்து மிதந்தன. வீட்டில் மேசையிலிருந்து தம்ளர்களைத் தட்டிவிடுவதற்கு மட்டுமே பயன்பட்டுவந்த வால், பின்னால் நீண்டு, திரும்பும் பக்கமெல்லாம் வளைந்து கொடுத்தது. "நீந்துதுடா!" என்று பெரியவர் யாரிடமோ சொன்னார். அப்புறம்தான் ஆடுகள் ஞாபகம் வந்து ஓடினார்.

அதற்குப் பிறகு அவளை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு. லேப்ரடார் தானாக நிறுத்தாது, நாம்தான் நிறுத்தவேண்டும். பந்துக்குப் பதிலாகத் தட்டையான ரப்பர் வளையம் கொண்டுபோயிருந்தேன், அதற்கு ஒரு காரணம் உண்டு. பந்தைக் கவ்வ வாயை அகலத் திறக்கவேண்டும், ஒவ்வொரு முறையும் வாய்நிறையத் தண்ணீர் உள்ளே போகும். மணிக்கணக்கில் இப்படி விளையாடினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், வயிறு உப்பி, வாந்தி எடுத்து, தள்ளாட ஆரம்பிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் கால்மணிக்கு ஒரு தடவை கயிற்றைச் சுண்டி இழுத்து, புளியமர நிழலில் உட்காரவைத்தேன். உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் ஏரியையே பார்த்துப் புலம்பினாள். கரையோரம் செத்து ஒதுங்கிய ஒரு கெளுத்தியைக் கவ்வப் போனபோது மட்டும் நான் சத்தம் போட்டேன். கெளுத்தியின் முள் வாயில் குத்தினால் விடாது.

எருமைகள் சொன்ன நேரத்துக்கு வந்தன. நாங்கள் இடத்தைக் காலி செய்தோம். துறை அவர்களுடையது.

மாமாவின் பம்புசெட் தொட்டியில் நல்ல தண்ணீரில் அலசினோம். அலசி முடித்ததும் உதறினாள். இதைப் பக்கத்தில் இருந்து ஒருமுறையாவது பார்க்கவேண்டும், நனைந்தாலும் பரவாயில்லை. உதறல் தலையில் தொடங்கி, தோளுக்குப் போய், முதுகு வழியாக வாலில் முடிகிறது. உள்ளே உடம்பு திரும்புவதைவிட மேலே தொளதொளவென்று இருக்கும் தோல் இன்னும் அதிகம் திரும்புகிறது, அதனால்தான் தண்ணீர் அவ்வளவு வேகத்தில் பிய்த்துக்கொண்டு பறக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஆய்வாளர்கள் இதை அளந்து 2012இல் வெளியிட்டார்கள்: சின்ன பிராணி வேகமாக உதறவேண்டும், பெரியது மெதுவாக உதறினால் போதும். சுண்டெலி வினாடிக்கு முப்பது தடவைக்கு அருகில். லேப்ரடார் நான்கைந்து தடவை. என் மகள் போனில் மெதுவோட்டத்தில் எடுத்துவைத்திருக்கிறாள். அதில் ஜூலியின் உதடு ஒரு பக்கமும் மூக்கு மறு பக்கமுமாகப் போகிறது.

காதுகளைப் பஞ்சால் துடைத்தேன். தொங்கும் காதில் ஈரம் தங்கினால் ஒரு வாரத்தில் நாற்றமடிக்க ஆரம்பித்துவிடும். விரல் இடுக்கு, அக்குள், காது மடலின் உட்புறம், கழுத்துப் பட்டைக்கு அடியில் என்று உண்ணி தேடினோம். மகள் ஆறு எடுத்தாள், நான் எடுத்தது ஒன்றுதான். உண்ணிக் காய்ச்சலில் நாயைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும் என்பதால் இந்த வேலையில் அவசரப்படுவதில்லை. அத்தை தயிர்சாதம் பிசைந்து இரண்டு இலையில் வைத்தார், அதில் ஒன்று மணியின் பங்கு. ஜூலி தன் இலையை முடித்துவிட்டு மணியின் இலையைப் பார்த்தாள். மணி தலையை நிமிர்த்தாமல் ஒரே ஒரு உறுமல் உறுமியது. மரபணுக் கோளாறெல்லாம் அதனிடம் செல்லுபடியாகவில்லை.

மறுநாள் காலையில் ஜூலி எழுந்து வந்தபோது வால் எழவில்லை. அடியிலிருந்து நாலு விரல் நீளம் நேராக நின்று, அதற்கப்புறம் துணியாகத் தொங்கியது. தொட்டால் முனகினாள். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்ற பழமொழியை வைத்து அம்மா ஏதோ சொல்லவந்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மருத்துவரை போனில் பிடித்தேன். அவர் சிரித்தார். வேலை செய்யும் லேப்ரடார்களுக்கு, அதுவும் குளிர்ந்த தண்ணீரில் நிறைய நீந்தியபின், இது சகஜமாம். திருப்பித் திருப்பித் துடுப்பாக வளைத்ததில் வாலின் தசை வீங்கி ஓய்ந்துவிடுகிறது. எலும்பு முறிவு இல்லை, சில நாளில் தானே சரியாகும் என்றார். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் எதையும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு நஞ்சு என்று கறாராகச் சொன்னார். மூன்று நாள் தம்ளர்கள் உடையாமல் இருந்தன. நாலாம் நாள் ஒன்று உடைந்தது.

இடுப்பு சரியாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். ஒரு நாள் நீச்சலில் தேய்ந்த மூட்டு வளராது. மாதத்துக்கு இரண்டு முறையாவது போகவேண்டும், சாப்பாட்டையும் குறைக்கவேண்டும். இரண்டாவது நிபந்தனைக்கு வீட்டில் ஒருவர் ஒத்துழைப்பதில்லை.

நேற்று மாமா கூப்பிட்டார். இரண்டாம் போகத்துக்கு எல்லா மதகும் திறந்தாகிவிட்டது, துறையில் தண்ணீர் ஒரு கல் இறங்கிவிட்டது, வருவதானால் மாசிக்குள் வரவேண்டும், அப்புறம் சேறுதான் என்றார். அம்மா பக்கத்திலிருந்து, போனதடவை கொண்டுவந்த கட்லாவில் ருசியே இல்லை, இந்தத் தடவை விரால் கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"விராலு சித்திரையில ஏரி வத்துனாதான் மாப்ள வரும். அப்ப தண்ணி இருக்காது. நாயக் கூட்டியார்றதா விராலு வாங்கறதா, ஒங்கம்மாகிட்ட கேட்டு எதுனா ஒன்னு சொல்லு."